லயத்து ஜெபமும் கிராணியார் நாற்காலியும்

கோலா கங்சார் என்றவுடன் இந்நாட்டார்க்கு நினைவில் வருவன மூன்று. ஒன்று சுல்தானின் அரண்மனை. மற்றொன்று 1917-ம் ஆண்டில் கட்டி முடிந்த உபூடியா பள்ளிவாசல். பின்னொன்று 1905-ம் ஆண்டில் தொடங்கிய மலாய்க் கல்லூரி. தமிழராகிய நாம் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். ஜில்லா காரியாலயத்திற்கு அண்மையில் நிற்கும் முதிய ரப்பர் மரமே அது. 1877-ம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த சில கன்றுகள் இவ்வூரில் ஊன்றப்பட்டன. அந்நாளில் ரெஸிடெண்டாக இருந்த ஹியூ லோ துரை அவற்றைப் பேணி வளர்த்தார். அங்ஙனம் தொடங்கிய பயிர் பின்னர்ப் பேராக் மலைச்சாரல்களை மூடிற்று. அப்பயிருக்கு உழைக்கவே திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து நம்மவர் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறினர்.

கப்பலேறியவர் மூட்டையில் இருந்தது மாற்றுத் துணியும் ஒரு செம்பும் மட்டுமல்ல. பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் நெஞ்சிற் சுமந்து வந்தனர். ஒரு சிறு தொகையினர் ஜெபமாலையையோ ஞானப்பாட்டுப் புத்தகத்தையோ கொண்டுவந்தனர். இச்சிறு தொகையினரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். ஜெபத்தால் மழை பெய்யுமா, கூலி உயருமா என்று வினவும் அன்பர்கள் நம் வாசகரில் பலர் உளர். அவர்களோடு வாதாட நாம் வரவில்லை. நம்முன் உள்ளது ஒரு சரித்திர வினா. பலர் கூடி, ஒரே குரலாய், துன்பத்தில் ஆறுதலும் இருளில் வழியும் வேண்டி முழந்தாளிட்டபோது, யார் யாருக்கு அருகில் முழந்தாளிட்டனர் என்பதே அது.

தோட்டத்துக் கூட்டு ஜெபம் என்பது பட்டணத்துக் கோயில் ஆராதனையைப் போன்றதன்று. பட்டணத்தில் மணியும் பீடமும் குருவானவரும் உண்டு. 1880-களில் ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுக் குருவானவர் தமிழ்க் கத்தோலிக்கரைக் கொண்டு பாகான் செராயில் ஒரு வேளாண் குடியேற்றத்தை அமைத்தார். அது சூசைப்பாளையம் என வழங்கலாயிற்று. மெதடிஸ்டு சங்கத்தார் 1895-ம் ஆண்டில் ஈப்போவில் பள்ளிக்கூடம் திறந்தனர். 1899-ம் ஆண்டில் இலங்கையிலிருந்து சாமுவேல் ஆபிரகாம் போதகர் கோலாலம்பூருக்கு வந்து தமிழரிடையே ஊழியம் செய்தார். லுத்தரன் சபைத் தமிழர் 1924-ம் ஆண்டில் கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸில் சீயோன் ஆலயத்தைக் கட்டினர். இவையெல்லாம் ரயிலும் சாலையும் உள்ள ஊர்களின் செய்திகள். தோட்டத்திற்கோ குருவானவர் மாதம் ஒருமுறை வந்தால் பெரிது. மற்றை நாட்களில் ஓர் உபதேசியார். அவரும் இல்லையெனில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. பெரட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னரே என்பதால் ஜெபம் இரவில்தான். சுமார் பத்தடிக்குப் பத்தடியான லயத்து அறை. மூலையில் அரிக்கன் விளக்கு. தரையில் ஒரு பாய். கத்தோலிக்கர் ஜெபமாலை சொல்வர். பிராடஸ்டண்டார் பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, ஒவ்வொருவராய் வாய்விட்டு வேண்டுவர்.

இவ்வாய்விட்டு வேண்டுதலை வாசகர்கள் உற்று நோக்கவேண்டும். தோட்டத்தில் தொழிலாளி வாய்திறந்து தன் துன்பத்தை உரைக்கத் தக்க இடம் வேறு யாது? பெரட்டுக் களத்தில் தண்டல் பேசுவான்; காரியாலயத்தில் துரையும் கிராணியும் பேசுவர்; கள்ளுக்கடையில் பேச்சு உண்டு, ஆனால் அது மறுநாள் காலை நினைவில் நிற்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும், ஊரிலிருந்து கடிதம் வந்து ஆறு மாதமாயிற்று என்பதையும், புருஷன் அடிக்கிறான் என்பதையும் ஒரு பெண் பத்துப் பேர் கேட்க உரக்கச் சொல்லக்கூடிய இடம் அந்தப் பாய் ஒன்றே. கடவுள் கேட்டாரோ இல்லையோ, அண்டை அறையார் கேட்டனர். மறுநாள் கஞ்சி வந்தது. இதனை ஆறுதல் என்று சொல்வதற்கு மதநூல் வேண்டியதில்லை.

இவ்வாறுதலின் எல்லையையும் ஆழத்தையும் ஒருங்கே காட்டியது யுத்த காலம். 1942-ம் ஆண்டில் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது வெள்ளைக்காரப் போதகர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். ரப்பர் வாங்குவார் இல்லை; அரிசி இல்லை; மருந்து இல்லை. பின்னர்ச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறக்குறைய 415 கிலோமீட்டர் ரயில்பாதை இடுவதற்கென்று மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பதினாயிரம் தமிழரைக் கொண்டுபோயினர். 1943-ம் ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. போனவரிற் பெருந்தொகையினர் காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் அங்கேயே மடிந்தனர்.

நமது பாட்டியார் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவர் நமக்குச் சொல்லியது இது. அவருடைய லயத்தில் ஒவ்வோர் இரவும் ஜெபத்தின் நடுவே, சயாமுக்குப் போன ஆடவரின் பெயர்களை ஒரு கிழவர் வரிசையாகச் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் பின் கூடியிருப்போர் அப்பெயரைத் திரும்பச் சொல்வர். கிறிஸ்தவரல்லாதார் பெயர்களும் அதில் உண்டு. அப்பெயர்களுக்குரிய பெண்கள் நெற்றியில் திருநீற்றோடு வாசற்படியில் வந்து நின்று, தம் வீட்டான் பெயர் வந்தவுடன் போய்விடுவராம். யுத்தம் முடிந்தது, சிலர் எலும்பும் தோலுமாய்த் திரும்பினர், பலர் திரும்பவில்லை. இறந்தார் என்று கடிதம் எழுதுவார் யாரும் இல்லை. ஆகவே அப்பெயர்களை ஜெபத்திலிருந்து நீக்குவதா, வேண்டாவா என்ற கேள்வி எழுந்தது. நீக்கினால் தாலியை அறுக்கச் சொல்வதாகும். நீக்காவிடின் இறந்தவனை வரவழைத்துக்கொண்டே இருப்பதாகும். கிழவர் வழி தெரியாமல் திகைத்து, அதற்கும் ஜெபித்தாராம். முடிவில் பெயர்களைச் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. பெண்கள் ஒவ்வொருவராய்த் தாமே வந்து, இனிச் சொல்லவேண்டாம் என்று கூறியபோது மட்டும் நிறுத்தினார். கடைசிப் பெயர் நிற்பதற்குப் பல ஆண்டுகள் ஆயின என்பார் பாட்டியார். எந்த ஆண்டு என்று கேட்டால், "எனக்குக் கல்யாணம் ஆனப்புறம்" என்பதே விடை.

வழி வேண்டுதல் என்பதிலும் நம்மவர்க்கு ஒரு விநோதமான முறை உண்டு. டிசம்பர் 31-ம் தேதி நள்ளிரவு ஆராதனையில் வேதவாக்கியம் ஒவ்வொன்று அச்சிட்ட சிறு சீட்டுக்களைத் தட்டில் வைத்து நீட்டுவர். அவரவர் கைக்கு வந்த சீட்டே அவ்வருஷத்து வாக்குத்தத்தம். வேலை மாறுவதா, மகளை எங்கே கொடுப்பது என்பன போன்ற காரியங்களுக்கு அச்சீட்டை எடுத்துப் பார்த்து யோசிப்போர் இன்றும் உளர். கிளி ஜோசியத்தை நகைக்கும் கிறிஸ்தவர் இதனை நகைப்பதில்லை என்று ஒரு நண்பர் நம்மிடம் குத்திக் காட்டினார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயின் திருவுளச்சீட்டால் வேதவாக்கியம் எடுக்கும் வழக்கத்திற்கு மேனாட்டிலும் ஒரு பழைய சரித்திரம் உண்டு. ஜெர்மனியில் ஸாக்ஸனி நாட்டில் ஸின்ஸென்டார்ப் என்னும் பிரபுவின் எஸ்டேட்டில் (அதுவும் எஸ்டேட்டுத்தான்!) மொராவியாவிலிருந்து ஓடிவந்த அகதிகள் ஹெர்ன்ஹூட் என்ற கிராமத்தை அமைத்தனர். அவர்களுக்குள் ஓயாத பூசல். 1727-ம் ஆண்டு ஆகஸ்டில் அவர்கள் ஒப்புரவாகி, ஆண்கள் இருபத்துநால்வரும் பெண்கள் இருபத்துநால்வருமாய் மணிக்கணக்கைப் பங்கிட்டுக்கொண்டு, இரவும் பகலும் இடையறாது ஜெபிக்கலாயினர். அச்சங்கிலி நூறாண்டுக்கு மேல் அறுபடவில்லை. 1728-ம் ஆண்டில் நாள்தோறும் ஒரு வாக்கியத்தை வீடு வீடாகச் சென்று சொல்லத் தொடங்கினர். 1731-ம் ஆண்டு முதல், சீட்டெடுத்துத் தெரிந்த வாக்கியங்களைப் புத்தகமாக அச்சிட்டனர். அப்புத்தகம் இன்றளவும் பல மொழிகளில் ஆண்டுதோறும் வெளிவருகிறது. இந்த மொராவியர் 1760-ம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து ஒரு தோட்டம் அமைத்துச் சிலகாலம் வாழ்ந்தும் இருக்கின்றனர். அங்கு முன்னரே இருந்த லுத்தரன் மிஷனரிமார்க்கு அவர்கள் வரவு பிடிக்கவில்லை. ஒரே கடவுளை வேண்டுவோர் ஒருவரையொருவர் பொறுக்கமாட்டாமை புதிதன்று.

தரங்கம்பாடிக்கு வந்துவிட்டோமாதலால் நமது வினாவையும் அங்கேயே எடுத்துக்கொள்வோம். 1706-ம் ஆண்டு ஜூலையில் ஸீகன்பால்கு ஐயர் அங்கு வந்து இறங்கினார், தமிழ் கற்றார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார், 1718-ம் ஆண்டில் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது. தமிழிலே வேண்டுவதற்கு ஒரு வீடு கிடைத்தது. ஆனால் அவ்வீட்டினுள் மேற்சாதியார் ஒரு பக்கம், ஆதித்திராவிடர் ஒரு பக்கம் என்று பிரிந்தமரும் வழக்கம் தொடக்க காலத்திலேயே புகுந்துகொண்டது. கடவுள் எங்குமிருப்பவர், பாய் மட்டும் சாதிக்கொன்று!

இவ்வழக்கத்தால் நேர்ந்த கொடுமைக்கு ஒரு பெயரைச் சொல்வோம். இராஜநாயக்கன் என்பவர் ஆதித்திராவிட வகுப்பினர்; தஞ்சை அரசரின் படையில் சேவகம் செய்தவர்; தாமே வேதத்தைப் படித்து மனந்திரும்பி, உபதேசியாராய்ப் பல்லாண்டு தஞ்சை நாட்டில் உழைத்தவர். அவர் கூட்டிய ஜெபக்கூட்டங்கள் பல. இரண்டாவது தமிழ்ப் போதகரை அபிஷேகம் செய்யும் காலம் வந்தபோது அவர் பெயரும் ஆலோசிக்கப்பட்டது. அவர் கையால் மேற்சாதிக் கிறிஸ்தவர் திருவிருந்து வாங்கார் என்ற அச்சத்தால் மிஷனரிமார் பின்வாங்கினர். 1741-ம் ஆண்டில் வேறொருவர் போதகரானார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். ஜெபம் நடத்தலாம்; அப்பம் கொடுக்கலாகாது. இதனை எழுதும்போது நமது பேனா சற்றே நின்றது.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1833-ம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்ஸன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுதாய் ஒழியவேண்டும் என்று நிருபம் விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் பெருங்கலகம் மூண்டது. பலர் சபையை விட்டே அகன்றனர். சாதி வழக்கத்தை விடமாட்டோம் என்று வழக்காடியவர்களுள் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர் என்பது நமக்கு வருத்தமளிக்கும் உண்மை. அவர் பாட்டுக்களோ சாதி பாராமல் எல்லார் வாயிலும் ஏறிவிட்டன. லயத்து அறையில் எவர் அருகில் அமரச் சாஸ்திரியார் கூசியிருப்பாரோ அவரே அவர் கீர்த்தனத்தை அடி பிறழாமல் பாடுகின்றார். பாட்டு, பாடினவரைக் காட்டிலும் விசாலமானது.

கத்தோலிக்கர் பக்கமும் இதுவே கதை. திருநெல்வேலி வடக்கன்குளத்தில் 1872-ம் ஆண்டில் எழுந்த கோயிலைக் காற்சட்டைக் கோயில் என்பர். ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கால்கள் போல் இரண்டு கூடங்கள், ஒன்றில் வேளாளர் முதலியோர், மற்றொன்றில் நாடார் முதலியோர், இடையே தடுப்பு. 1910-ம் ஆண்டில் அத்தடுப்பைக் குருமார் இடித்தனர். மேற்சாதியார் அதனைத் திரும்பக் கட்டித்தர வேண்டுமென்று நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

இது நம்மவர்க்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணி மனம் உடைய வேண்டாம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மெதடிஸ்டு ஆலயத்தில் 18-ம் நூற்றாண்டின் இறுதியில், ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே அப்ஸலோம் ஜோன்ஸ் என்னும் நீக்ரோவர் முழங்காலில் நிற்கையில் அவரைப் பிடித்து எழுப்பினர், அவ்விடம் வெள்ளையருடையதாம். ஜெபம் முடியுமட்டும் பொறுங்கள் என்று அவர் கேட்டார், பொறுக்கவில்லை. அவரும் அவர் தோழர் ரிச்சர்ட் ஆலனும் மற்றைக் கறுப்பரும் ஒருங்கே எழுந்து வெளியேறினர். ஆலன் 1816-ம் ஆண்டில் கறுப்பர்க்கென்றே ஒரு மெதடிஸ்டுத் திருச்சபையை நிறுவி அதன் முதல் அத்தியட்சரானார். தஞ்சையில் சமத்துவம் வேண்டாதார் வெளியேறினர்; பிலடெல்பியாவில் சமத்துவம் வேண்டினார் வெளியேறினர்.

இப்பழம்பகை நம்மவரோடு கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. தோட்டங்களில் ஆதித்திராவிடர்க்கு ஒரு லயம், மற்றைச் சாதியார்க்கு ஒரு லயம் என்று பிரித்துக் குடிவைத்தனர். துரைமார்க்கு அது வசதி. கங்காணிமார்க்கு அது மரியாதை. 1929-ம் ஆண்டு டிசம்பரில் ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டிற்கு ஈ. வே. ராமசாமி அவர்கள் வந்து சென்றபின் இவ்விஷயம் வெளிப்படையாய்ப் பேசப்படலாயிற்று. ஆனால் ஜெபக்கூட்டங்களில் அதற்கு முன்னரே ஒரு சிறு மாறுதல் தன்னாலே நிகழ்ந்துகொண்டிருந்தது என்பது பழைய தோட்டக் குடும்பங்களின் பேச்சிலிருந்து நாம் அறிந்தது. காரணம் உயர்ந்த கொள்கை என்று சொல்லமாட்டோம். ஒரு தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஐந்தோ ஆறோ. அவற்றுள் படிக்கத் தெரிந்தவன் ஒருவன். விளக்கு ஒன்று. பாய் ஒன்று. ஐந்து குடும்பத்தை இரண்டாகப் பிரித்தால் பாட்டெழும்பாது. அத்தியட்சரின் நிருபத்தால் ஆகாதது பத்தடி அறையால் ஆயிற்று. கலியாணம் பேசும்போது சாதி திரும்பி வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

1948-ம் ஆண்டு ஜூன் 16-ம் தேதி கோலா கங்சார் ஜில்லாவைச் சேர்ந்த சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதை ஒட்டி அவசரகாலச் சட்டம் வந்தது. ஊரடங்கு இருந்த இடங்களில் இரவுக் கூட்டம் இல்லை. அவரவர் அறையில் அவரவர் குடும்ப ஜெபம் என்றாயிற்று. சுவர் மெல்லியது, ஒரு வீட்டுப் பாட்டை அடுத்த வீட்டார் மெதுவாய்ப் பிடித்துக்கொள்வராம். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் அப்பாலும் சிதறின.

இனி நாற்காலிக்கு வருவோம். சாதித் தடுப்பு தளர்ந்த அதே அறையில் வேறொரு தடுப்பு வந்து அமர்ந்தது. அது நான்கு கால் உடையது. கிராணியார் ஜெபத்திற்கு வந்தால் அவருக்கு நாற்காலி போடுவது தோட்டத்து மரியாதை. கிராணிமார் ஆங்கிலம் படித்தவர், செக்ரோல் எழுதுபவர், அவர் பாயில் அமர்ந்தால் பாயில் இருப்போர்க்குத்தான் கூச்சம். நாமும் அவ்வகுப்பினரே. ஆங்கிலப் பாடத்திலே வளர்ந்த நமக்குத் தமிழில் வாய்விட்டு ஜெபிக்க நா எழாது. ஆகவே நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடிக்கொள்வதோடு நமது பக்தி முடிந்துவிடும். இப்போது நாம் வேலை பார்க்கும் தோட்டத்திலும் வெள்ளிக்கிழமை இரவு ஒரு தொழிலாளர் வீட்டில் ஜெபம் நடக்கிறது. எட்டு வருஷமாய் நமக்கு அங்கே நாற்காலி உண்டு.

சில மாதங்களுக்கு முன் அங்கு நிகழ்ந்ததைச் சொல்கிறோம். செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் மூதாட்டி ஒருவர், தம் கணக்கில் மூன்று மூட்டை குறைகிறது என்று காரியாலயத்திற்கு வந்து சொன்னார். புத்தகத்தில் உள்ளதே கணக்கு என்று நாம் கூறி அனுப்பிவிட்டோம். அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, தம் முறை வந்தபோது அவர் முழங்காலிட்டு, மகளுக்காக வேண்டினார், மழைக்காக வேண்டினார், பிறகு குரலைச் சிறிதும் மாற்றாமல், "எங்க கிராணி ஐயாவுக்கு நல்ல கண்ணக் கொடும் ஆண்டவரே, அவரு புத்தகத்துல எங்க மூட்டை அவரு கண்ணுல படட்டும்" என்றார். கூடியிருந்தோர் அனைவரும் "ஆமென்" என்றனர். பழக்கத்தால் நாமும் சொல்லிவிட்டோம்.

மறுநாள் காலை, யாரும் வருமுன் காரியாலயத்தைத் திறந்து புத்தகத்தைப் பார்த்தோம். அம்மூன்று மூட்டையும் அதே முதலெழுத்துடைய இன்னொரு பெண்ணின் பெயருக்கு நேரே நமது கையெழுத்திலேயே இருந்தன. திருத்தினோம், அடுத்த சம்பளத்தில் பணம் சேர்ந்தது. மூதாட்டி நன்றி ஒன்றும் கூறவில்லை, கூறவேண்டியதும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்காலி வழக்கம்போல் போடப்பட்டிருந்தது. பாட்டுப் புத்தகங்களை அதன்மேல் அடுக்கிவிட்டு நாம் பாயின் ஓரத்தில் அமர்ந்தோம். மூதாட்டி சிறிது நகர்ந்து இடம் விட்டார். அன்று அவர் மழைக்காக மட்டும் வேண்டினார்.